ஒன்பதில் ஐந்தாவது நர்த்தகி

ஜூன் 3, செவ்வாய்

ஜீவிதா, வயது பதினேழு, நீலாங்கரை. பெயர் எழுதாத நோட்டை யாரும் தன்னுடையது என்று சொல்லிவிடலாம், அதனால் முதலில் பெயர்.

இது நோட்டும் இல்லை. சாருடைய அறிமுகப் புத்தகத்தின் பின்பக்கங்கள். 'சிற்பி சோமசேகர்' என்று ஐந்நூறு பிரதி அச்சாகி வந்த பிறகு, எண்கணித நிபுணர் பிரம்மநாயகம் ஐயா வந்து, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால்தான் வெளிநாட்டில் நிற்கும் என்று சொல்லிவிட்டார். இப்போது சார் 'சோமசேக்கர்'. பழையதை எல்லாம் பேப்பர்காரருக்குப் போடச் சொன்னார்கள். ஒரு பக்கம் வழவழப்பான படம், மறுபக்கம் காலி. ஒரு கட்டு எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேன். அதாவது, சாருடைய மனைவி, மேடம், பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்தேன்.

வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. கூட்டுவது, சிலைகளுக்கு மெழுகு தடவி ஷூ பிரஷ்ஷால் தேய்ப்பது, தேவசகாயம் அண்ணனுக்கு டீ போடுவது. வார்ப்பில் வந்த வெண்கலத்தை அராவி, பற்றவைத்து, நிறம் ஏற்றுகிறவர் அவர்தான். இங்கே எனக்குப் பிடித்தது, யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. எல்லோருக்கும் சேர்த்து சார் பேசிவிடுவார்.

ஜூன் 5, வியாழன்

பட்டறையில் ஒன்பது நர்த்தகிகள் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு முழ உயரம். வலது கால் மடங்கி, ஒரு கை தலைக்கு மேலே. அந்தக் கையின் மணிக்கட்டு மட்டும் எந்த ஆட்டத்திலும் திரும்பாத பக்கம் திரும்பியிருக்கிறது. லிமிடெட் எடிஷன். ஒன்பதுக்கு மேல் உலகத்தில் கிடையாது.

அறிமுகப் புத்தகத்தில் சார் இப்படிச் சொல்கிறார்: "என் கீழைத்தேசப் பயணத்தில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், சிதைந்த பிராகாரம் ஒன்றில் அவள் ஆடினாள். பார்த்தவன் நான் ஒருவன்தான்."

மேடம் சொல்வது வேறு. பதினோரு நாள் பயணத்தில் மூன்றாம் நாளே சாருக்கு வயிறு கெட்டுவிட்டது. மேடம் கோயில் கோயிலாகப் போனார். சார் விடுதி அறையில் படுத்துக்கொண்டு, தயிர் சாதம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று சாப்பாட்டு அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அட்டையின் மூலையில் ஓர் ஆட்டக்காரி படம். அந்த அட்டை இப்போது சாருடைய அலமாரியில் இருக்கிறது. தூசி தட்டும்போது பார்த்தேன். அவளுடைய மணிக்கட்டு இருக்கும் இடத்தில் அட்டை மடிந்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று அச்சு உடைக்கும் விழா. ஒன்பது வார்த்ததும் அச்சை எல்லோர் முன்னாலும் உடைத்துவிட வேண்டுமாம். அப்போதுதான் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும்.

நேற்றே தேவசகாயம் அண்ணன் கேட்டார். "ரப்பர் அச்ச எப்பிடி சார் ஒடைக்கிறது? கத்தரிக்கோல் குடுத்தா வெட்டலாம்."

"வெட்டினா என்னய்யா மரியாதை இருக்கு? சத்தம் வரணும்."

அதனால் அண்ணன் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் புதிதாக ஓர் அச்சு செய்தார். சார் சுத்தியலுக்குக் குங்குமம் வைத்து, அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பதுபோல ஓங்கிப் போட்டார். முன்வரிசைப் பட்டுப்புடவைகள் மீதெல்லாம் வெள்ளைத் தூள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கியது. தூள் பட்டிருக்கும்.

ரப்பர் அச்சு பழைய போர்வையில் சுற்றி அண்ணனின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எதற்கு என்று கேட்க நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

எனக்குப் புது வேலை. பீடத்தின் அடியில் எண் அடிக்க வேண்டும். எண் வெட்டிய இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும். இடம் சின்னது, அண்ணனின் விரல் உள்ளே போகவில்லை. "உன் வெரல் ஒல்லியா இருக்கு பாப்பா, நீ அடி" என்றார். பழைய தகட்டில் முப்பது தடவை அடித்துப் பழகினேன். முப்பத்தொன்றாவது தடவை அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக அடித்து முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சார் தடுத்தார். "யார் வாங்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம் அடிம்மா. கலைக்கு அவசரம் கூடாது."

ஜூன் 12, வியாழன்

ஒவ்வொரு சிலையோடும் ஒரு சான்றிதழ் போகும். கையால் எழுதினால்தான் மதிப்பு என்கிறார் சார். சாருடைய கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருப்பதால் நான் எழுத வேண்டும். கீழே சார் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பக்கத்தில் 'எண் பொறித்துச் சரிபார்த்தவர்' என்று ஓர் இடம். அதில் நான்.

"நானா சார்?"

"நீதான். பொறுப்பு எல்லாருக்கும் இருக்கணும் இல்ல?"

வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியபோது போட்டதுதான் கடைசி.

"என்னடி ஒரே பேரயே எழுதிக்கினு இருக்க?" என்று அம்மா கேட்டாள்.

சொன்னேன். அம்மா மீன் கூடையைக் கழுவுவதை நிறுத்தினாள். "பெரிய மனுசங்க வூட்டு சான்றிதழ்ல உன் பேரா? பாத்தியா, வாயத் தொறக்கலன்னாலும் பொழச்சுக்குவ நீ."

ஜூன் 16, திங்கள்

முதல் எண். பிரம்மநாயகம் ஐயாவுக்கு, பெயர் மாற்றிக் கொடுத்ததற்கு மரியாதையாக. அவர் பிறந்தது பதினான்காம் தேதி. ஒன்றும் நாலும் ஐந்து. ஆகவே ஒன்பதில் ஐந்து. ஒரே அடியில் விழுந்தது.

ஜூன் 21, சனி

தனபால் ஐயா வந்தார். ஈரோட்டுக்காரர், சென்னையில் அடுக்குமாடி கட்டுகிறார். நர்த்தகியை மூன்று பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க இந்தப் பொண்ணு?" என்றார்.

"கம்போடியா" என்றார் சார். "சிதைந்த பிராகாரம்."

"சரிங்க. நமக்கு அஞ்சு போட்டுக் குடுத்துருங்க. நான் பொறந்தது இருபத்திமூணுங்க. நம்ம பிரம்மநாயகம் சொல்லிப்போட்டாரு, அஞ்சு இல்லாட்டி ஊட்டுக்குள்ள கொண்டாரவே வேண்டாம்னு."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஜீவிதா, ஐயாவுக்கு அஞ்சு."

அவர் போன பிறகும் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தேன். சார் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "அஞ்சுங்கறது எண் இல்லம்மா. ஒரு உணர்வு. ரெண்டு பேருக்கு ஒரே உணர்வு வரக்கூடாதா?"

அடித்தேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். எண் சரியாகத்தான் விழுந்திருந்தது.

ஜூலை 4, வெள்ளி

இன்று மூன்றாவது ஐந்து. நாமக்கல் பக்கம் நாலு பள்ளிக்கூடம் நடத்துகிற சாந்தாமணி அம்மா. பிறந்த தேதி ஐந்தேதான். அவருக்கும் பிரம்மநாயகம் ஐயாதான் சொன்னாராம். அவரிடம் சார், நர்த்தகி பாலித் தீவில் கடற்கரையில் ஆடினாள் என்றார். பள்ளி ஆண்டு விழாவில் அந்த மணிக்கட்டு அசைவைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறாராம்.

ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் இரண்டு விடைத்தாளில் ஒரே தப்பு இருந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுடையது. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்டார்கள். அவள் உடனே பதில் சொன்னாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடம் போகிற நாட்களில் மட்டும். அதனால்தான் நின்றேன். மற்றபடி ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

எல்லாம் முடிந்தது. ஒன்று இரண்டு பேருக்கு. மூன்று ஒருவருக்கு. ஐந்து மூன்று பேருக்கு. ஆறு ஒருவருக்கு. ஒன்பது இரண்டு பேருக்கு. எட்டு யாருக்கும் வேண்டாம், அது சனி. நாலும் ஏழும் ஆகாது. இரண்டைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. எட்டின் அச்சு பெட்டியில் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. ஐந்தின் முனை மழுங்கிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஒருவரும் எடுத்துப் போக மாட்டேன் என்கிறார்கள். தினமும் தேய்க்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி. ஒன்பது பேரும் போய்விட்டார்கள். பட்டறை வெறிச்சென்று இருக்கிறது. அண்ணன் ரெண்டு டீ கேட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. மேடம் பேசியதைக் கேட்டதில் புரிந்தது இதுதான்.

சாந்தாமணி அம்மாவின் மகனுக்கு நேற்று பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண், தனபால் ஐயாவின் மகள். ஜாதகம் பொருந்தி, உறவு முறையெல்லாம் விசாரித்து, பஜ்ஜி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது சாந்தாமணி அம்மா சோபாவுக்குப் பக்கத்தில் நர்த்தகியைப் பார்த்துவிட்டார். எழுந்துபோய்த் தூக்கித் தலைகீழாகத் திருப்பினார். ஒன்பதில் ஐந்து.

பெண் காப்பித் தட்டோடு வந்தபோது ஹாலில் அவளைப் பார்க்க ஒருவரும் இல்லையாம். எல்லோரும் பீடத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பெண் வீட்டில் இருப்பது போலி என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டில் இருப்பதுதான் போலி என்று பெண் வீட்டாரும் முடிவு செய்துவிட்டார்கள். பொம்மையிலேயே ஏமாற்றுகிற குடும்பத்தில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று பேச்சு முறிந்து நிற்கிறது. வியாழக்கிழமை இரண்டு வீட்டாரும் சிலையோடு இங்கே வருகிறார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சார் என்னை உட்காரச் சொன்னார். இந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"ஜீவிதா, நீ ஒண்ணும் பேசவே வேண்டாம். நான் சொல்லுவேன், பொண்ணு படிக்காதவ, எண்ணைத் தப்பா அடிச்சிட்டான்னு. நீ தலைய மட்டும் ஆட்டு. சான்றிதழ்லயும் சரிபார்த்தவர் நீதானே?"

மேடம் என் தோளில் கை வைத்தார். "சின்னப் பொண்ணு தப்பு பண்ணா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க ஜீவி. சார் தப்பு பண்ணார்னா பேப்பர்ல வரும்."

தலையை ஆட்டினால் வேலை நிலைக்கும். ஆனால் எண் கூடத் தெரியாதவள் என்று என் பெயர் போகும். ஆட்டாவிட்டால் வேலை போகும். வீட்டில் சொன்னேன். அம்மா பாயை உதறிப் போட்டாள். பிறகு, "ஆட்டிட்டு வந்துடேன். தலதானே" என்றாள். அதற்கும் பிறகு, படுத்தபடியே கேட்டாள். "நீ தப்பா அடிச்சியா?"

"இல்லம்மா."

"ஒன்பதாவதுலயும் நீ பாத்து எழுதலயா?"

பதில் சொல்வதற்குள் அம்மா திரும்பிப் படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு காரில் இரண்டு நர்த்தகிகள் வந்தார்கள். இருவருக்கும் பின்சீட்டில் பெல்ட் போட்டிருந்தது. மேசையில் எதிரெதிரே வைத்தார்கள்.

"எங்களுது கம்போடியாவுல ஆடுனதுங்க" என்றார் தனபால் ஐயா.

"எங்களுது பாலி" என்றார் சாந்தாமணி அம்மா. "பொறகு எப்படிங்க ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி?"

"பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ணோட மூஞ்சியப் பாத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுங்க."

"கண்ணுக்கு நேரா வெச்சிருந்தா பாக்காம என்னங்க பண்றது? கொண்டுபோயி பீரோவுல வெக்கோணும்."

சார் கையை உயர்த்தினார். "ரெண்டும் அசல்தான். எண்தான் தப்பு. என் மேற்பார்வையிலதான் நடந்துச்சு, பொறுப்பு என்னுதுதான். ஆனா அடிச்சது இந்தப் பொண்ணு. பாவம், படிப்பில்லை. சொல்லும்மா ஜீவிதா."

எல்லோரும் திரும்பினார்கள். நான் வாசல் நிலையை ஒட்டி நின்றிருந்தேன். அண்ணன் அராவுவதை நிறுத்திவிட்டார். கணக்குப் பரீட்சை விஷயத்திலும் எல்லோரும் இப்படித்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

சாந்தாமணி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எத்தனாவது வரைக்கும் படிச்ச கண்ணு?"

"ஒம்பது."

"ஒம்பதாவது படிச்ச புள்ளைக்கு ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் தெரியாதுங்களா? எங்க பள்ளிக்கூடத்துல யு.கே.ஜி. புள்ள எழுதும்." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சாரிடம் சொன்னார். பிறகு மறுபடி என்னிடம், "தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றேன். குரல் வெளியே வந்ததில் எனக்கே திகைப்பாக இருந்தது. நின்றால் திரும்ப வராது என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "நான் தப்பா அடிக்கல. சார் சொன்ன நம்பரத்தான் அடிச்சேன். அஞ்சு மொத்தம் மூணு இருக்கு. ஐயாவுது ரெண்டாவது. ஒங்களுது மூணாவது. மொத அஞ்சு பிரம்மநாயகம் ஐயாகிட்ட இருக்கு."

 தனபால் ஐயாதான் முதலில் பேசினார், மெதுவாக.

"பிரம்மநாயகமா? அந்தாளுதானுங்களே என்னை அஞ்சு வாங்கச் சொன்னது."

"என்னையுமுங்க" என்றார் சாந்தாமணி அம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா சம்பந்தி" என்றார் சாந்தாமணி அம்மா.

சார் சமாளித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஐந்து என்பது பஞ்சபூதம். அந்தக் கருத்தை வெச்சுத்தான் நான்..."

"அப்ப இன்னும் ரெண்டு அஞ்சு வேணுமில்லீங்க?" என்றார் தனபால் ஐயா. "மூணுதான இருக்குது?"

"அதுதான் என் திட்டமே."

"அச்சத்தான் எங்க கண்ணு முன்னால ஒடைச்சுப் போட்டீங்களே. என் பொடவைல வெள்ளையாக் கொட்டுச்சு."

அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போய் இருமினார். இருமல் மாதிரி கேட்கவில்லை.

கடைசியில் இரண்டு வீட்டாரும் தங்களுக்குள்ளேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த இரண்டும் ஜோடி. பெண் வீட்டில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் ஒன்று. அப்படி எழுதிய புதுச் சான்றிதழ் வேண்டும். நாளாக ஆக இது நல்ல சகுனம்தான் என்று தனபால் ஐயாவுக்குத் தோன்றிவிட்டது. கல்யாணத் தேதியை மட்டும் வேறு ஒருவரிடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாளாக என்று எழுதிவிட்டேன், பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

சார் கோபப்படவில்லை. புதுச் சான்றிதழுக்கான வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்து, அழகாக எழுதச் சொன்னார். ஒன்றாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் வாங்கியவர்களுக்கும் இதே வாசகம்தான் போகும். முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாவது வரி: "உதவியாளரின் கவனக்குறைவால் எண் மீண்டும் பொறிக்கப்பட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கீழே என் கையெழுத்துக்கு இடம்.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"ரெண்டாவது வரிய எழுத மாட்டேன் சார்."

"ஒரு வரிதானேம்மா."

"ஆமா சார்."

சாயங்காலம் மேடம் ஒரு டப்பாவில் லட்டு போட்டுக் கொடுத்தார். "நாளைலேருந்து வர வேண்டாம்னு சார் சொல்லலை ஜீவி. நீயா யோசிச்சுக்கோ." வழியில் யோசித்தேன். லட்டு நன்றாக இருந்தது.

அம்மா திட்டுவாள் என்று பயந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்து, "மூணுதானா இருக்கு?" என்றாள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

திருவான்மியூரில் ஒரு பாத்திரக் கடை. தேவசகாயம் அண்ணன் சொல்லிச் சேர்த்துவிட்டார். வாங்குகிற பாத்திரத்தில் பெயர் வெட்டித் தர வேண்டும். கையில் மெஷின் தேனீ மாதிரி இரைகிறது. கடைக்காரர் நான் வெட்டிய முதல் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"வெண்கலத்துல" என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கடை போனுக்கு மேடம் கூப்பிட்டார். சான்றிதழ்களை சாரே தம் கையால் எழுதி அனுப்பினாராம். எல்லாம் திரும்பி வந்துவிட்டன. முதல் சான்றிதழில் இருக்கும் எழுத்து வேறு, இது வேறு, ஆகவே இது போலி என்கிறார்களாம். சோமசேக்கர் கையால் எழுதியதை சோமசேக்கர் எழுதியதாக ஒருவரும் நம்பவில்லை. சாந்தாமணி அம்மா, அந்தப் பிள்ளை எழுதினால்தான் வாங்கிக்கொள்வேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"ஒரு அரை நாள் வந்துட்டுப் போ ஜீவி. சார் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை."

"வரேன் மேடம். ரெண்டாவது வரிய நானே எழுதிக்கலாமா?"

"என்னன்னு எழுதுவே?"

"சார் சொன்ன நம்பரத்தான் அடிச்சேன்னு."

போனில் அவர்கள் வீட்டு மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார் மேடம்.

செப்டம்பர் 24, புதன்

மேடம் இன்னும் கேட்டு முடிக்கவில்லை போலிருக்கிறது.

இன்று ஒரு காதுகுத்து வீட்டுக்காரர்களுக்கு அறுபத்திரண்டு டம்ளர். வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. அறுபத்திரண்டிலும் ஒரே குழந்தையின் ஒரே பெயர். வாங்க வந்த தாத்தா ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார்.